தேவலாம் பலகை

பாகூர் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அந்தம்மாவின் வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்ற சொல்லை வாங்கியவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தன் கிடையாது. நானே வாங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கரும்பு வெட்டப் போனேன். அப்புறம் கரும்பு ஏற்றப் போனேன். அப்புறம் கரும்பு ஏற்றுகிற லாரியே என்னுடையது ஆனது. இன்றைக்கு ரைஸ் மில் இருக்கிறது, செங்கல் சூளை இருக்கிறது, ஏசி போட்ட கல்யாண மண்டபம் இருக்கிறது. மண்டபத்தில் ஒரு மந்திரி உட்கார்ந்து எழுந்த சோபாவுக்கு இன்னும் பாலிதீன் உறையைப் பிரிக்கவில்லை. யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, எல்லாம் நானாகச் செய்தது. அப்படிப்பட்டவன் ஒரு பங்குனி மாசம் பூராவும் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் தவம் கிடந்தேன்.

அந்தம்மா பிறந்தது வில்லியனூர் பக்கம் ஒரு மாதா கோயில் ஊர். நான் சொல்கிற காலத்தில் ஐம்பது வயசு இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும். முந்தானை நுனியில் எப்போதும் சாக்பீஸ் தூள். முன்னே அது சிடியும் புத்தகமும் வாடகைக்கு விடுகிற கடை. செல்போன் வந்து சிடியைத் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது நாலு தட்டுப் புத்தகம், ஒரு ஜெராக்ஸ் மிஷின், வாசலில் ஒரு கரும்பலகை.

அந்தப் பலகைதான் விஷயம். ஒவ்வொரு தமிழ் மாசமும் முதல் தேதி காலையில் அதில் நாலு வரி எழுதும். அந்த மாசத்துக்குப் படிக்க, பார்க்க, கேட்க, சாப்பிட எது தேறும் என்று. நான் தவம் கிடந்ததற்கு முந்தின வருஷப் பங்குனியில் எழுதியிருந்தது எனக்கு இன்னும் மனப்பாடம். எழுத்துக் கூட்டிப் படித்ததால் பதிந்துவிட்டது.

படிக்க: நீல அட்டை துப்பறியும் கதை. கடைசிப் பக்கம் கிழிந்திருப்பதால் தேவலாம்.

பார்க்க: ஏழரை மணி சீரியல். மாமியார் கோமாவில் இருக்கும் வரை தேவலாம்.

கேட்க: உத்திரத்துக் காவடி மேளம். ரெண்டு தெரு தள்ளி நின்றால் தேவலாம்.

சாப்பிட: முந்திரிப்பழம். வெள்ளைத் துணி உடுத்தாதவர்களுக்குத் தேவலாம்.

அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் காய்ச்சலில் கிடந்தவனைப் பார்த்து 'இப்ப தேவலாமா?' என்று கேட்போம். அந்தம்மாவுக்கு உலகத்தில் இருக்கிற அத்தனை புத்தகமும் பாட்டும் பலகாரமும் காய்ச்சலில் கிடந்து எழுந்த ஆள் மாதிரி. கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தால் தேவலாம். அதற்கு மேல் ஒரு படி கிடையாது.

நல்லவாட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற பெண் ஒருத்தி, "எங்க மீனையும் ஒரு தபா பலகைல போடேன்க்கா" என்று கெஞ்சுவாள். அந்தம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்து, "கடல்ல இருந்தப்ப தேவலாமா இருந்துருக்கும்" என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போய்விடும். அந்தம்மா ஊர் மாதா கோயிலுக்குப் புதிதாக வந்த சாமியார், பூசை முடிந்து, "பிரசங்கம் எப்பிடிம்மா இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். "மைக்கு கட்டானதுக்கப்புறம் தேவலாம் சாமி."

தவளக்குப்பத்துக்காரர் ஒருவர் தன் பெண்ணுக்குப் பார்த்த பையனின் ஜாதகத்தை நகல் எடுக்க வந்தார். நான் அப்போது கடையில் நின்றிருந்தேன்.

"இந்தப் பையன் உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"எப்பிடி?"

"அந்தப் புள்ளைக்கு அவங்கப்பா தேவலாம்."

அவர் நகலை வாங்காமலே பஸ் ஏறிவிட்டார். கல்யாணம் நின்றுபோனது. பையனின் அப்பாவோ அன்று சாயங்காலம் புது வேட்டி கட்டிக்கொண்டு கடைத்தெருவில் ரெண்டு தடவை போய்வந்தார்.

இப்படிப்பட்ட பலகையை ஜனங்கள் கல்லால் அடித்திருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. ஒன்றாம் தேதி காலையில் பால்காரன், பஸ் டிரைவர், பள்ளிக்கூடத்து டீச்சர்மார், எல்லாரும் அங்கே நின்று படித்துவிட்டுத்தான் போவார்கள். தேவலாம் என்று எழுதின சீரியலை ஊரே பார்க்கும். எழுதாத படத்துக்கு ஊரில் ஒருத்தன் போகமாட்டான். வாழ்த்துகிறவன் ஆயிரம் பேர் இருக்கிற ஊரில், வாழ்த்தாத ஒரு ஆளுக்குத்தான் மதிப்பு. இது எனக்கு அப்போது புரியவில்லை. நான் வாழ்த்துகிற கூட்டத்தில் முதல் ஆள்.

அந்த வருஷம் மாசிக் கடைசியில் தவளக்குப்பம் சந்திப்பில் நான் ஒரு ஓட்டல் திறந்தேன். இந்தப் பக்கத்தில் அப்படி ஓட்டல் கிடையாது. சுவரெல்லாம் கண்ணாடி, கூரையில் கலர் விளக்கு, கை கழுவுகிற இடத்தில் நீரூற்று. புதுச்சேரி டவுனிலிருந்து ஒரு மாஸ்டரைக் கூட்டிவந்து, உயரமான வெள்ளைத் தொப்பி வைத்து அடுப்படியில் நிறுத்தினேன். திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்தேன். நான் மைக்கைப் பிடித்தால் விடமாட்டேன் என்று எல்லாருக்கும் தெரியும்.

"சித்திரை ஒண்ணாந்தேதி இங்க உக்கார எடம் கெடைக்காது. கெடைச்சா, இந்த ஓட்டலை மாட்டுக் கொட்டாய் ஆக்கிடறேன். இது என் வாக்கு!"

கைதட்டினார்கள். என் மச்சான், அதாவது என் பெண்டாட்டியின் தம்பி, எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பங்குனி பிறந்தது. ஓட்டலில் ஈ இருந்தது, ஆள் இல்லை. முந்திரி சீசன் ஆயிற்றே என்று மாஸ்டரிடம் பச்சை முந்திரிக்கொட்டைக் குழம்பு வைக்கச் சொன்னேன். அவர் காய்ந்த முந்திரியை ஊறவைத்து, சிவப்புக் கலர் போட்டு, மேலே ஒரு செர்ரிப் பழத்தை வைத்தார். நான் சாப்பிட்டுவிட்டு, பிரமாதம் என்றேன். என் ஓட்டல், நான் வேறு என்ன சொல்வேன்? மச்சான் தினமும் வந்து டீ குடிப்பான். நாலு பக்கமும் பார்ப்பான். "அந்த மூலைல ரெண்டு கறவை கட்டலாம் மாமா. நீரூத்து பக்கத்துல கன்னுக்குட்டிய வுடலாம், தண்ணி காட்ற வேலை மிச்சம்."

செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு ஒருத்தர் வந்தார். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுப் படம் போடுகிறவராம். கவளம் வாய்க்குள் போவதற்கு முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்டு, "ஐயோ, வேற லெவல் மக்களே!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே போனவர் பக்கத்துப் பஞ்சர் கடையிலும் நின்று, "வேற லெவல் மக்களே!" என்றார். அதற்கப்புறம் பஞ்சர் கடைக்குக் கூட்டம் வந்தது. எனக்கு வரவில்லை.

அப்போதுதான் பலகை ஞாபகம் வந்தது. பாகூருக்கு வண்டியை விட்டேன். பலகையில் ஒரே ஒரு வரி இருந்தது.

நாற்பது நாள் கருத்து இல்லை.

"இன்னாம்மா இது?"

"தவக்காலம் மொதலாளி. வருசத்துக்கு ஒண்ணை வுட்டுடுவேன். போன வருசம் டீயை வுட்டேன். அதுக்கு முன்ன வருசம் சீரியலை. இந்த வருசம் இதை வுட்டுட்டேன்."

"எதை?"

"நல்லது கெட்டது சொல்றதை. ரொம்பக் கெட்டுப்போச்சு வாயி. சாமியார் வேற மனசு ஒடிஞ்சு கெடக்கறாரு."

ஊரே தடுமாறிப்போயிருந்தது. ஏழரை மணி சீரியலில் மாமியார் ஒரு வருஷம் கழித்துக் கோமாவிலிருந்து எழுந்துவிட்டாள், இனிமேல் பார்ப்பதா நிறுத்துவதா என்று பெண்கள் தெருவில் நின்று பேசினார்கள். எங்கள் ரைஸ் மில் கணக்குப்பிள்ளை மூணு மணி நேரப் படம் ஒன்றை முழுசாகப் பார்த்துவிட்டு வந்து, அந்தம்மா கடை வாசலில் நின்று, "நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தா எனக்கு இந்த கதி வருமாம்மா?" என்று சண்டை போட்டார். அந்தம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து சிலேட்டைத் துடைக்கிற மாதிரி மேஜையைத் துடைத்தது.

நான் விடுகிற ஆளா? மூணு வெள்ளிக்கிழமை ஓட்டலிலிருந்து அஞ்சடுக்கு கேரியர் அனுப்பினேன். எல்லாம் சைவம், அவர்கள் நோன்புக்கு ஏற்ற மாதிரி. மூணு தடவையும் கேரியர் பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது. கழுவி வந்தால் சாப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம், சாப்பிட்டால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நேரில் போனேன்.

"வாயைத் தொறக்க வேணாம்மா. தலைய மட்டும் ஆட்டு. போதும்."

"தலையும்தான் மொதலாளி நோம்பு இருக்குது."

"சித்திரைக்குள்ள கூட்டம் வரலைன்னா ஓட்டலு மாட்டுக் கொட்டாயி. மைக்குல சொல்லிட்டேன்."

"கேட்டேன். இங்க வரைக்கும் கேட்டுது." அது சொல்லும்போது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிரிப்பு ஓடின மாதிரி இருந்தது. "பாஸ்கா முடியட்டும். எழுதறேன்."

பாஸ்கா என்று அது சொன்ன ஈஸ்டர் பங்குனிக் கடைசியில் வந்தது. மறுநாள் திங்கட்கிழமை விடியற்காலையில் பலகைக்கு முன்னால் முதல் ஆளாக நின்றேன். அந்தம்மா சாக்பீஸை எடுத்து முதல் மூணு வரியும் எழுதியது. அதெல்லாம் என் கண்ணில் படவில்லை. நாலாவது வரியை ரெண்டாக மடக்கி எழுதியது.

சாப்பிட: தவளக்குப்பம் புது ஓட்டல் சாப்பாட்டுக்கு
மொதலாளி வீட்டுச் சாப்பாடு தேவலாம்.

எழுத்துக் கூட்டினேன். புது ஓட்டல். சாப்பாடு. மொதலாளி. வீட்டுச் சாப்பாடு. தேவலாம்! என் ஓட்டல் சாப்பாட்டுக்கு, வீட்டுச் சாப்பாடு மாதிரி என்று பட்டம் கொடுத்துவிட்டது! நான் அந்தம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அது என்னமோ சொல்ல வாயைத் திறந்தது. நான் எங்கே நின்றேன்? செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நேரே பிளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போய்விட்டேன்.

அடிக்கிறவர் ஒரு தடவை படித்தார். என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை படித்தார். "ஐயா, இதை அப்பிடியே அடிக்கவா?"

"ஒரு எழுத்து மாத்தக் கூடாது. செவப்புல அடி. பக்கத்துல நான் கும்பிடற போட்டோ."

மறுநாள் விடிந்ததும் ஓட்டல் மாடியில் இருபதுக்குப் பத்து அடி பிளெக்ஸ். 'பாகூர் பலகை சொல்லுது!' என்று தலைப்பு. கடலூர் ரோட்டில் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் சந்திப்பில் நிற்கும்போது ஜனங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஒரு கண்டக்டர் சத்தமாக வாசித்தார், பஸ்ஸே சிரித்தது. சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக் கீழே நின்று கையாட்டினேன். அரைநாள் ஆட்டினேன்.

மத்தியானம் என் பெண்டாட்டி ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஓட்டல் திறந்ததிலிருந்து அவள் அந்தப் பக்கம் வந்ததில்லை. நானும் கூப்பிடவில்லை. அவள் எட்டாவது படித்தவள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். படித்தாள். அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து சிரித்தாள்.

"இன்னாய்யா, உன்னை நீயே திட்டி இவ்ளோ பெருசா மாட்டி வெச்சிருக்கிற?"

"திட்டா? தேவலாம்னு போட்டுருக்குது, கண்ணு தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. உனக்குத்தான் 'க்கு' தெரியல. சாப்பாட்டு-க்-கு. உன் ஓட்டல் சாப்பாட்டுக்கு உன் வூட்டு சாப்பாடு தேவலாமாம். இதைவிட அது மேலுன்னு எழுதியிருக்குது. வூட்ல ஆக்கறது யாரு?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தம்மா ரெண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது, பட்டா நகல் கொடுக்க. ரெண்டு தடவையும் இவள் இலை போட்டுச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். ஒரு தடவை பச்சை முந்திரிக்கொட்டைக் குழம்பு. கொட்டையை உடைத்துத் தோலை உரித்து, பால் கசிந்து விரலெல்லாம் தோல் உரிந்துபோய் வைத்த குழம்பு. நான் அன்றைக்கும் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு, என் சூளையில் வெந்த செங்கல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன்.

"டேய், ஏறி அந்த பிளெக்ஸைக் கழட்டுங்கடா!" என்று கத்தினேன்.

"கை வெச்சுப் பாரு." அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "முப்பத்தெட்டு வருசம் உனக்கு ஆக்கிப் போட்டேன். என் சமையலைப் பத்தி வெளிய வந்த மொத எழுத்து இதான். அதுவும் நீயே அடிச்சு மாட்டுனது. இருக்கட்டும்."

வண்டியை எடுத்துக்கொண்டு பாகூருக்குப் பறந்தேன். அந்தம்மா கடையில் ஆதார் கார்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இப்பிடி பண்ணிட்ட? நாடே சிரிக்குது!"

"எழுதும்போது பக்கத்துலதான மொதலாளி நின்னீங்க? சொல்ல வாயெடுத்தேன், நீங்க பறந்துட்டீங்க."

"மூணு கேரியர் சாப்பிட்டியே, அதுக்கு இது கைம்மாறா?"

"சாப்பிட்டேன், அதான் எழுதுனேன். பொய்யா எழுதணும்னா அதுக்குக் குச்சியில போனு கட்டிக்கினு நிறையப் பேரு இருக்காங்களே."

அப்போது என் செல்போன் அடித்தது. மச்சான். "மாமா, சீக்கிரம் வாங்க. கூட்டம் நிக்குது."

"ஓட்டல்லயா?" என்று துள்ளினேன்.

"உங்க வூட்டு வாசல்ல."

பிளெக்ஸைப் படித்த ஜனம் அதில் எழுதியிருந்தபடியே செய்திருக்கிறது. ஓட்டலைத் தாண்டி, வழி கேட்டு, வீட்டுக்கே சாப்பிட வந்துவிட்டார்கள். வாசலில் பதினேழு பேர், அதில் ஒருத்தர் கையில் சொந்தத் தட்டு. என் பெண்டாட்டி இருந்த குழம்பையும் சோற்றையும் பகிர்ந்து போட்டுவிட்டு, சட்டியைக் கவிழ்த்துக் காட்டி அனுப்பினாள். சித்திரை பிறக்க அஞ்சு நாள் இருந்தது.

அன்றைக்கே அவளைக் கேட்டேன். "நாளைலேர்ந்து ஓட்டலுக்கு வந்துடு."

"யாரைக் கூப்புடற?"

"உன்னைத்தான்."

"எதுக்கு?"

எதுக்கு என்பதற்குப் பதில் சொல்லத்தானே வேண்டும். ஆரம்பித்தேன். என் மில்லில் அரைத்த அரிசி மாதிரி அரிசி எங்கே கிடைக்கும் என்றேன். என் கொல்லையில் காய்த்த முந்திரி என்றேன். நான் கட்டின வீட்டு அடுப்பின் ராசி என்றேன். அவள் கேட்டுக்கொண்டே முறத்தில் உளுந்து புடைத்தாள். புடைத்து முடித்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாளும் போனேன் அந்தம்மா கடைக்கு. இந்தத் தடவை சத்தம் போடவில்லை. "அவ வரமாட்டேங்கறாம்மா. நீதான் வார்த்தையை அளந்து வெச்சிருக்கிற ஆளு. அவளுக்கு இன்னா சொல்லணும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடு. போய்ப் படிச்சிடறேன்."

அந்தம்மா சாக்பீஸைக் கீழே வைத்தது. "மொதலாளி, நான் அவங்க கையால சாப்பிட்டது ரெண்டே தபா. நீங்க முப்பத்தெட்டு வருசம். நான் போயி உங்களுக்கு எழுதிக் குடுக்கறதா?"

வீட்டுக்கு வந்தேன். திண்டாட்டம் என்றால் இப்படி ஒரு திண்டாட்டம் நான் பட்டதில்லை. கரும்பு லோடு கவிழ்ந்தபோதுகூட எனக்கு வாய் இருந்தது. அடுப்படி வாசலில் நின்றேன். "இந்தாடி. எனக்கு வேற வழி இல்லை. நீ வந்தாதான் ஆச்சு" என்றேன். என் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து எனக்கே நினைவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அந்தத் தொப்பிக்காரர் இருக்கக் கூடாது. நீரூத்தை நிறுத்தணும், அதைப் பாத்தா எனக்கு ஒண்ணுக்கு வருது. எனக்கு வெங்காயம் அரிய ரெண்டு பொம்பளைங்க வேணும்" என்றாள். மாஸ்டரைக் கல்யாண மண்டபத்துக்கு மாற்றினேன். அங்கே ஐஸ்கிரீமுக்குச் செர்ரி வைக்க ஆள் தேவைப்பட்டது.

சித்திரை ஒண்ணாந்தேதி. உட்கார இடம் இல்லை. நான் சொன்னேனா இல்லையா? மச்சான் நின்றுகொண்டே சாப்பிட்டான், மாட்டைப் பற்றிப் பேசவில்லை. பன்னிரண்டு மணிக்கு அந்தம்மா பாகூர் பஸ்ஸில் வந்து இறங்கியது. பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, வேப்பம்பூ ரசம், மாங்காய்ப் பச்சடி, முந்திரிக்கொட்டைக் குழம்பு, எல்லாம் சாப்பிட்டது. இலையில் ஒரு கறிவேப்பிலை மிச்சம் இல்லை. நான் எதிரிலேயே நின்றேன்.

"இன்னாம்மா?"

அது இலையை மூடிவிட்டு எழுந்தது. கையைக் கழுவிக்கொண்டு நேராக அடுப்படிக்குள் போனது. கதவைச் சாத்திக்கொண்டது. பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தது, பஸ் ஏறிப் போய்விட்டது.

அப்புறம் ரெண்டு வருஷத்தில் கடையை மூடிவிட்டு, பிரான்சில் இருக்கிற மகளிடம் போய்விட்டது. உள்ளே என்ன சொன்னது என்று போனில்கூடக் கேட்டுப் பார்த்தேன். "அவங்களையே கேளுங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டது. பெண்டாட்டியைக் கேட்காத மாசம் இல்லை. "உன்கிட்ட சொன்னா மைக்குல சொல்லுவ" என்கிறாள். அந்தம்மா சொன்னது தேவலாமா, அதற்கு மேலா, எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாத விஷயம் அது ஒன்றுதான்.

அன்றைக்கு அந்தம்மா பஸ் ஏறினதும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. செல்போன் பாட்டு என்று நினைத்தேன். கதவிடுக்கில் பார்த்தால், என் பெண்டாட்டி பெரிய தவலையைக் கிண்டிக்கொண்டே பாடுகிறாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்குத் தெரியாது. வெங்காயம் அரிகிற ரெண்டு பெண்களும் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவாள். காலி வாளியோடு வெளியிலேயே நின்றேன். பின்னால் ஒரு பந்தியே சாம்பார் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது.